எஃப் ப்ளூஸில் முதல் சோலோ: பிளே-அலாங் பதிவோடு பழகும் முறை

ஜாஸில் சோலோ (ஒருவர் முன்னின்று மனோதர்மமாக வாசிப்பது) பழகுவதற்கு ஒரு பியானோ, பேஸ், டிரம்ஸ் குழு கூடவே வாசிக்க வேண்டும். தினமும் மூன்று பேரை வீட்டுக்கு வரவழைப்பது நடக்கிற காரியமா? அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் பிளே-அலாங் பதிவு. குழு வாசித்துக்கொண்டே போகும், சோலோவுக்கான இடம் மட்டும் காலியாக இருக்கும். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் இத்தகைய பதிவுகளைத் தொடராக வெளியிடத் தொடங்கினார். இன்று யூடியூபிலும் கைபேசிச் செயலிகளிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். இந்தக் குழுவுக்குக் காது கிடையாது. நிஜக் குழுவில் நீங்கள் இடம் தவறினால், உடன் வாசிக்கும் பியானோக்காரர் கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பை) கொஞ்சம் அழுத்தி வாசித்து உங்களைத் திருப்பிக் கூட்டிவருவார். பதிவோ தன் பாட்டுக்குப் போய்விடும். அதனால் எந்த பாரில் (நான்கு பீட் கொண்ட ஒரு பகுதியில்) நிற்கிறோம் என்று தெரிந்திருப்பதுதான் முதல் பாடம். ஸ்கேல் (ஸ்வர வரிசை), வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்தப் பதிவு?

நிமிடத்துக்கு 100 முதல் 120 பீட் வேகத்தில், எஃப் ப்ளூஸ் (எஃப் ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட ப்ளூஸ்) பதிவு ஒன்று. இரண்டு வாரத்துக்கு அந்த ஒன்றே போதும். பன்னிரண்டு பார் கொண்ட சுற்று அது. இடப்பக்கம் பாரின் எண், வலப்பக்கம் கார்டின் பெயர்:

1–4: எஃப் 7
5–6: பி ஃபிளாட் 7
7–8: எஃப் 7
9: சி 7
10: பி ஃபிளாட் 7
11–12: எஃப் 7

பல பதிவுகளில் இரண்டாவது பாரிலேயே பி ஃபிளாட் 7 எட்டிப்பார்க்கும். 9, 10இல் ஜி மைனர் 7, சி 7 என்று வருவதும் உண்டு. முதல் பழக்கத்துக்கு மேலே உள்ள எளிய வடிவத்தைத் தேடி எடுங்கள்.

கிதார், பியானோ, வயலின் வாசிப்பவர்களுக்கு இங்கே சொல்வது அப்படியே பொருந்தும். டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸ் என்றால் உங்கள் கருவியில் இது ஜி ப்ளூஸ். ஆல்டோ சாக்ஸ் என்றால் டி ப்ளூஸ். இதைக் கவனிக்காமல் தொடங்கினால் எல்லா ஸ்வரமும் தப்பாகவே கேட்கும்.

கைபேசி ஸ்பீக்கரில் போடாதீர்கள். டபுள் பேஸின் தாழ்ந்த ஸ்வரங்கள் அதில் அநேகமாகக் காணாமல் போய்விடும், உங்களுக்கு வழிகாட்டுவதோ அந்த பேஸ்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, மறு காதை உங்கள் கருவிக்கு விடுங்கள். வாசிக்கும்போது பேஸ் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள்.

படி 1: கருவியைத் தொடாமல்

பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் பாரின் எண்ணைச் சொல்லுங்கள்: "ஒன்று, 2, 3, 4, இரண்டு, 2, 3, 4, மூன்று, 2, 3, 4…" பன்னிரண்டு வரை போய் மறுபடி ஒன்று. கையை 2, 4இல் தட்டுங்கள். டிரம்ஸில் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டு) மூடும் இடம் அது. 120 வேகத்தில் ஒரு சுற்று 48 பீட், அதாவது 24 வினாடி. பத்துச் சுற்றுக்கு நான்கே நிமிடம்.

ஏறக்குறைய எல்லோரும் தொலைவது ஒரே இடத்தில்தான். 11, 12இல் எஃப் 7. அடுத்த சுற்றின் முதல் நான்கு பாரும் எஃப் 7. ஆக ஆறு பார் தொடர்ச்சியாக ஒரே கார்ட், நடுவில் சுற்று முடிந்ததே காதில் விழாது. தொலைந்துவிட்டால் பதிவை நிறுத்தாதீர்கள். பி ஃபிளாட் 7 இரண்டு பார் நீடிக்கும் இடத்துக்குக் காத்திருங்கள், அதுதான் ஐந்தாவது பார். அங்கே ஏறிக்கொள்ளுங்கள்.

படி 2: கார்டின் பெயர் ஸ்வரம்

ஒவ்வொரு பாருக்கும் ஒரே நீண்ட ஸ்வரம்: எஃப், பி ஃபிளாட் அல்லது சி. ஐந்து சுற்று பிசகாமல் வந்தால் போதும், இதில் அதிக நாள் தங்க வேண்டாம்.

படி 3: மூன்றாவதும் ஏழாவதும்

தங்க வேண்டிய இடம் இது. கார்டின் குணத்தைக் காட்டுவது, பெயர் ஸ்வரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். கைட் டோன் என்பார்கள். கீழே சில கார்டுகளில் ஏழாவதே முதலில் வரும்.

எஃப் 7: ஏ, ஈ ஃபிளாட்
பி ஃபிளாட் 7: ஏ ஃபிளாட், டி
சி 7: பி ஃபிளாட், ஈ

நான்காவது பாரிலிருந்து ஐந்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏ அரை ஸ்வரம் இறங்கி ஏ ஃபிளாட் ஆகிறது. ஈ ஃபிளாட் அரை ஸ்வரம் இறங்கி டி ஆகிறது. அவ்வளவு சின்ன அசைவில் கார்டே மாறிவிடுகிறது. முதல் நாள் ஏ – ஏ ஃபிளாட் – பி ஃபிளாட் வரிசையை மட்டும் நீண்ட ஸ்வரங்களாக வாசியுங்கள், மறுநாள் மற்ற வரிசையை. மூன்றாம் நாள் நான்காவது பாரின் கடைசி மூன்று பீட்டில் சி, பி ஃபிளாட், ஏ என்று இறங்கி, ஐந்தின் முதல் பீட்டில் சரியாக ஏ ஃபிளாட்டில் போய் நில்லுங்கள். பின்னணியே இல்லாமல் கேட்பவருக்கும் கார்ட் மாறியது புரியும்.

கர்நாடக சங்கீதம் பழகிய காது இந்த இடத்தில் தயங்கும். எஃப்பை ஸட்ஜமாகக் கொண்டால், அந்தர காந்தாரம் போய் சாதாரண காந்தாரம் வந்து நிற்கிறது. தம்பூராவின் நிலையான ஆதாரம் இங்கே கிடையாது. அடியில் இருக்கும் கார்ட் நகர நகர ஸ்வரத்தின் பொருளும் நகர்கிறது. பேஸைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் தயக்கம் விலகும்.

படி 4: மூன்று ஸ்வரம், நிறைய மௌனம்

இப்போதுதான் சோலோ. எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட் மூன்றை மட்டும் எடுங்கள். இரண்டு பார் வாசிப்பு, இரண்டு பார் மௌனம். முதல் நான்கு பாரில் ஒரு சொற்றொடர், அடுத்த நான்கில் ஏறக்குறைய அதே சொற்றொடர், கடைசி நான்கில் அதற்கொரு பதில். ப்ளூஸ் பாடல் வரிகளின் பழைய அமைப்பே இதுதான். அரை பீட் நீளமுள்ள ஸ்வரங்களைச் சமமாக வெட்டாதீர்கள்; மிதமான வேகத்தில் முதல் ஸ்வரம் நீளம், அடுத்தது குறைவு. எவ்வளவு என்பதை டிரம்ஸில் தாளம் ஓட்டும் தட்டான ரைடு சிம்பலைக் கேட்டுப் பிடியுங்கள்.

ப்ளூஸ் ஸ்கேலைக் கற்றவுடன் பத்து நிமிடம் இடைவிடாமல் அதையே மேலும் கீழும் ஓட்டுவது பலர் செய்யும் தவறு. எங்கும் பொருந்துவதால் எந்தக் கார்டும் காதில் பதியாது. ஸ்கேலில் எங்கே சுற்றினாலும் 5, 9 ஆகிய பார்களின் முதல் பீட்டில் கைட் டோனுக்கு வந்துவிடுங்கள்.

படி 5: பதிவுசெய்து கேட்பது

தினமும் மூன்று சுற்றைக் கைபேசியில் பதிவுசெய்து, மறுநாள் கேளுங்கள். ஒரே நாளில் ஒரு குறைதான்: அவசரமா, மூச்சுவிட இடமில்லையா, ஐந்தாவது பாரை விட்டுவிட்டீர்களா?

கூடவே, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் குழு 1945இல் பதிவுசெய்த எஃப் ப்ளூஸான 'நௌஸ் த டைம்' கேளுங்கள். அதில் இளம் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் சோலோவில் அவசரமே இல்லை. முதல் நான்கு பாரை வாயால் பாடிவிட்டு, பிறகு கருவியில் தேடுங்கள்.

படி 6: துணையைக் குறைப்பது

ஏபர்சோல்ட் பதிவுகளில் பேஸ் ஒரு பக்கமும் பியானோ மறுபக்கமும் இருக்கும், டிரம்ஸ் இரண்டிலும். பேலன்ஸைத் திருப்பிப் பியானோவை அணைத்துவிட்டு வாசியுங்கள். அடுத்த வாரம் பதிவே வேண்டாம். மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் ஒலியை 2, 4 ஆக எண்ணினால் வேகம் 120. சுற்று அப்போதும் தெளிவாகக் கேட்டால், அதே பாடத்தை பி ஃபிளாட் ப்ளூஸில் தொடங்குங்கள். முதல் கார்டின் ஜோடி ஏற்கெனவே கையில் இருக்கிறது: டி, ஏ ஃபிளாட். ஐந்தாவது பாரில் அவை டி ஃபிளாட்டுக்கும் ஜிக்கும் இறங்கும்.