பழைய விடுதிப் பள்ளிக்கு நன்கொடை அளிப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் பிறந்து, விடுதியில் தங்கிப் படித்து, இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணம் வீணாகாமல் பிள்ளைகளைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பணம் திரட்டுவதற்கு முன், தலைமையாசிரியரின் அனுமதியோடு விடுதியை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் போவது நல்லது. கூரை எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரோரம் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மரத்தூண்களின் அடியை விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையாக ஒலித்தால் கறையான் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பழைய கட்டடத்துக்குச் சாயம் அடித்துத் தருவதாக அவசரப்பட்டு வாக்களித்துவிடாதீர்கள். ஆங்கிலேயர் காலத்துச் செங்கற் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அவை வெளியே விட்டு உலர்ந்துகொள்ளும். அதன்மேல் பிளாஸ்டிக் சாயமோ சிமெண்டுப் பூச்சோ ஏறினால் ஈரம் உள்ளேயே அடைபடும். முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஒரு முறை ஆசை ஆசையாக அடித்த சாயம் இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. கை வைத்தால் அப்பளம் போல் உடைந்தது; அதன் அடியிலிருந்த காரை மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்கான செலவே அங்கே முதல் நன்கொடையாக இருந்திருக்க வேண்டும். கட்டடம் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருந்தால், முன் அனுமதியின்றிக் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்றக் கூடாது.

அடுத்து, பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி. பள்ளி மேலாளர் வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றில் எது விடுதியைக் கவனிக்கிறது என்று கேட்டறிந்து, அதன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். எவ்வளவு நல்லவரானாலும் தனிமனிதரின் கணக்கில் போடாதீர்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் தன் கணக்கறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் அளிக்க வேண்டும். ஆகவே கடந்த ஆண்டுக் கணக்கைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஒழுங்காக நடக்கும் சங்கம் அதை மகிழ்ச்சியோடு காட்டும்.

வரிக்கழிவு வேண்டுவோர் ரசீதை நன்றாகப் படிக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தனிநபர் கொடுக்கும் ரொக்கத்துக்கு, அவருடைய மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும். அரிசி மூட்டையோ மெத்தையோ கொடுத்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. பள்ளி நூலகத்துக்கு அளிப்பதற்கு மட்டும் தனியாக 44(8) பிரிவு உண்டு. அதில் பொருளாகக் கொடுத்தாலும் 20,000 ரிங்கிட் வரை கழிவு கேட்கலாம். ரசீதுகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துங்கள்.

தொகையைப் பொறுத்தவரை, ஒரே தடவையில் 5,000 ரிங்கிட் கொடுத்துப் பெயர்ப்பலகை வைப்பதைவிட, மாதம் 50 ரிங்கிட் தவறாமல் வங்கி வழியாகச் செல்லும்படி ஏற்பாடு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். விடுதியின் தேவைகள் அன்றாடத் தேவைகள்: இரவுச் சாப்பாடு, மின்கட்டணம், அடைத்துக்கொண்ட குழாய், கிழிந்த கொசுவலை. சிறு தொகைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பால்மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது.

பணத்தோடு ஒரு கடிதமும் அனுப்புங்கள். “விடுதிக் கூரைப் பராமரிப்புக்கு மட்டும்” என்பது போல நோக்கத்தை ஒரே வரியில் எழுதி, மீதமிருந்தால் வேறு எதற்குச் செலவிடலாம் என்பதையும் குறிப்பிட்டு, ஆண்டு இறுதியில் செலவுக் கணக்கும் இரண்டு படங்களும் அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.