வளவு வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழ

செட்டிநாட்டு வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று அண்ணாந்தே நடப்பார்கள். அதே வீட்டில் நாலு நாள் தங்கச் சொல்லுங்கள், இருட்டிய பிறகு எங்கே உட்காருவது என்றே தெரியாமல் ஆளுக்கொரு அறையில் போனோடு ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

காரணம் அலங்காரக் குறைவு இல்லை. முற்றத்தைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனித்தனி அறை ஒதுக்கி, பெரிய கூட்டுக் குடும்பத்துக்காகவும் வீட்டிலேயே நடக்கும் கல்யாணங்களுக்காகவும் கட்டிய வீடு இது. இன்று அதில் மூன்று பேர் இருக்கிறோம். அதனால் முழு வீட்டையும் நிரப்ப நினைக்காதீர்கள். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதியின், ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு அறை, அதற்கு முன்னால் உள்ள தாழ்வாரம், அவ்வளவுதான். மற்ற அறைகளை வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் போதும்.

அடுத்தது உட்காரும் இடம். நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டால் கல்யாண மண்டபம் மாதிரிதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு தூணடிக்கு இழுத்து வாருங்கள். கீழே ஒரு பவானி ஜமக்காளம், மேலே இரண்டு திண்டு, பக்கத்தில் ஒரு தாழ்ந்த மர ஸ்டூல், முடிந்தால் ஊஞ்சல். தரையில் உட்கார்ந்து பாருங்கள், கூரை எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது உங்களை மிரட்டாது. ஜமக்காளத்தில் இன்னொரு லாபம், எதிரொலி குறையும். கல் தரையும் வெறும் சுவரும் சேர்ந்தால் ஸ்பூன் விழுந்தாலே வீடு முழுக்கக் கேட்கும், துணி அதை வாங்கிக்கொள்ளும். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளைக் கிழிக்காமல் அப்படியே நடுவில் மடித்து, வாசல் திரையாகக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். 5.5 மீட்டர் சேலை மடித்தாலும் இரண்டே முக்கால் மீட்டர் இறங்கும், உயரமான வாசலுக்குக் கச்சிதம். அந்த அகலக் கரை மேல் சாயங்கால வெயில் படும்போது நின்று பார்க்கத் தோன்றும்.

வெளிச்சம்தான் பலரும் தப்பு செய்கிற இடம். உச்சியில் ஒரே ஒரு வெள்ளை எல்இடி போட்டால் வீடு ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிடும். இளமஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்புகளை, உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்தில், நாலைந்து இடத்தில் பிரித்து வையுங்கள். வயருக்காகச் சுவரைக் கொத்த வேண்டாம், பழைய முறைப்படி மரச் சட்டத்தின் மேலேயே ஓட்டலாம். படங்களையும் கொஞ்சம் இறக்குங்கள். எல்லாத் தாத்தாக்களும் கதவு நிலைக்கு மேலே சாய்ந்து தொங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்றை உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் குழந்தைகள் "இது யாரு?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

சுவரை மட்டும் தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு அது, கையை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று வழுவழுவென்று இருக்கும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும், பெயின்ட் வேண்டாம். உதிர்ந்த இடத்தைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பக்கத்தில் உப்புப் பூக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டு, ஒரே மழைக்காலத்தில் முழுவதையும் உரித்து எடுக்க வேண்டி வந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருங்கள். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட சிமென்ட் டைல், அதற்கும் ஆசிட் ஆகாது. துடைக்கும் தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் நாளாக ஆக மினுமினுப்பு கூடிக்கொண்டே போகும்.

அப்புறம் முற்றம். குரங்குத் தொல்லை என்று ஷீட் போட்டு மூடிவிடுகிறார்கள். சூடான காற்று மேலேறி வெளியே போகும் வழியே அதுதான், அடைத்தால் அறையெல்லாம் புழுங்கும். கம்பி வலை போடுங்கள், வானம் தெரியட்டும். தூணடி இருக்கையை முற்றத்தைப் பார்த்தபடி வைத்துவிட்டால் ஐப்பசி மழைக்கு யாரும் அறைக்குள் போக மாட்டார்கள்.