வின்டோஸ் அப்டேட்டை நமக்கு வசதியான நேரத்துக்கு மாற்றிக்கொள்ளல்: வீட்டுக் கணினிக்கான செய்முறை விளக்கம்

வன்னியில், குறிப்பாகப் பிரதான வீதியை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், வீட்டு லப்டொப்புக்கு இணையம் பெரும்பாலும் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலிருந்தோ சிம் போட்ட ரவுட்டரிலிருந்தோதான் வருகின்றது. ஆனால் வைபை என்று கண்டவுடன் வின்டோஸ் அதை அளவில்லாத இணைப்பாக எடுத்துக்கொண்டு, அப்டேட்டுகளைத் தானாக இறக்கத் தொடங்கிவிடுகின்றது. மாதாந்த அப்டேட் ஒன்று பல நூறு எம்பி, சிலவேளை அதற்கும் மேல் போகும். ஆண்டுக்கொரு முறை வரும் புதிய பதிப்பு சிலவேளை ஜிபி கணக்கில் தின்னும். சனிக்கிழமை சூம் வகுப்புக்கென்று ரீலோட் பண்ணிய டேட்டா, வகுப்பு தொடங்குமுன்னரே தீர்ந்துபோவதற்கு இதுவே பல வீடுகளில் காரணம்.

அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடும் வழிகளை யூரியூப்பில் பலர் காட்டுகின்றார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வன்னாக்ரை தாக்குதலுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளும், ஆதரவு முடிந்த பழைய பதிப்புகளில் ஓடிய கணினிகளுமே அகப்பட்டன. போதாததற்கு, அப்டேட் சேவையை நீங்கள் முடக்கி வைத்தாலும், அதைத் திருத்துவதற்கென்றே வின்டோஸுக்குள் இருக்கும் இன்னொரு சேவை அதை மீண்டும் இயக்கிவிடும். ஆகவே, எப்போது இறங்க வேண்டும், எப்போது மறுதொடக்கம் ஆக வேண்டும் என்ற இரண்டையும் நம் கைக்குள் எடுத்துக்கொள்வதே போதுமானது.

முதலில் உங்கள் பதிப்பை அறிந்துகொள்ளுங்கள். விசைப்பலகையில் வின்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒன்றாக அழுத்தி, வரும் சிறு பெட்டியில் வின்வெர் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பு காட்டப்படும். கீழே சொல்லப்படுபவை வின்டோஸ் 11 இற்கானவை. வின்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது; அதிலும் இவ்வசதிகள் உள்ளன, இடங்கள் மட்டும் சற்று மாறும்.

இணைப்பை அளவுள்ளதாகக் குறித்தல்

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். ஹொட்ஸ்பொட்டுடன் இணைந்திருக்கும்போதே செட்டிங்ஸைத் திறந்து, நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், அதனுள் வைபை, அதனுள் நீங்கள் இணைந்திருக்கும் இணைப்பின் ப்ரொப்பர்ட்டீஸ் என்று செல்லுங்கள். அங்கு மீட்டேர்ட் கனெக்ஷன் (அளவுள்ள இணைப்பு) என்ற ஆளியை ஒன் நிலைக்கு மாற்றுங்கள். பின்னர் செட்டிங்ஸில் வின்டோஸ் அப்டேட் பக்கத்திலுள்ள அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குப் போய், மீட்டேர்ட் இணைப்பிலும் அப்டேட்டை இறக்க அனுமதிக்கும் ஆளி ஓஃப் நிலையில் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் விடயம் ஒன்றுண்டு. இந்தக் குறிப்பு கணினி முழுவதற்குமானதன்று; அந்தந்த இணைப்புப் பெயருக்கு மட்டுமே உரியது. அப்பாவின் போனில் குறித்துவிட்டு, மறுநாள் அக்காவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்தால், கணினிக்கு அது புதிய இணைப்பு. அப்டேட் மீண்டும் இறங்கத் தொடங்கலாம். போனை மாற்றினாலும், ஹொட்ஸ்பொட்டின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான். ஆகவே வீட்டில் பயன்படும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியே இதைச் செய்து வையுங்கள். இவ்வாறு குறித்த பின்னரும் மிக அவசியமான சில சிறு அப்டேட்டுகள் இறங்கக்கூடும்; அதனால் பெரிய செலவு ஏற்படாது.

தற்காலிகமாக நிறுத்துதலும் மறுதொடக்க நேரமும்

வின்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே போஸ் அப்டேட்ஸ் என்பதன் அருகில் வாரங்களைத் தெரிவுசெய்யலாம். ஒரேயடியாக 5 வாரம் வரை நிறுத்தி வைக்க முடியும். உயர்தரப் பரீட்சைக் காலத்துக்கு இது மிகவும் உதவும். அதே பக்கத்தில், புதியவற்றைக் கிடைத்தவுடன் முந்திப் பெறுவதற்கான ஆளி ஒன்று உண்டு. அதை ஓஃப் செய்துவிடுங்கள். வீட்டுக் கணினிக்கு அந்த அவசரம் தேவையில்லை.

அடுத்து, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் அக்டிவ் அவர்ஸை (நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தை) திறந்து, மனுவலி என்பதைத் தெரிவுசெய்து, காலை 6 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை எனக் கொடுங்கள். அனுமதிக்கப்படும் உச்ச அளவு 18 மணித்தியாலம் என்பதால் இது சரியாகப் பொருந்தும். அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிக்கும் ஆளியையும் அங்கேயே ஒன் செய்யுங்கள்.

அப்டேட் செய்யும் நாள்

மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகின்றது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணி என்பது இலங்கையில் அன்றிரவு 10.30 அல்லது 11.30 ஆகும். அதன் பின்னர் வரும் சில நாட்களில் வசதியான ஓரிரவைத் தெரிவுசெய்யுங்கள். உங்கள் டேட்டாப் பொதியில் இரவுக்கெனத் தனி டேட்டா இருந்தால், அது தொடங்கும் நேரத்தில் ரிசூம் அப்டேட்ஸை அழுத்தி, மீட்டேர்ட் குறிப்பையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு இறக்கவிடுங்கள். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸிலுள்ள டெலிவரி ஒப்டிமைசேஷன் பகுதியில் உள்வீட்டு வலையமைப்பிலுள்ள கணினிகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அப்போது ஒன்று இறக்கியதன் பெரும்பகுதியை மற்றது அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ளலாம்.

இறக்கும்போது மின்சாரம் போனால் கவலையில்லை, பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நிறுவும்போது போவதுதான் சிக்கல். ஒக்டோபர், நவம்பர் போல மாலையில் இடி முழங்கும் காலத்தில், யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்பில் மறுதொடக்கத்தை விடியற்காலைக்குத் தள்ளிவையுங்கள். லப்டொப் என்றால் மின்கலத்தை நிரப்பி, சார்ஜரையும் பூட்டியபடி செய்யுங்கள். இடையில் மின்சாரம் போய், திரும்பி வந்ததும் மாற்றங்களை மீளப் பெறுவதாகத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், எவ்வளவு நேரமானாலும் பவர் பொத்தானில் கை வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து, அன்றைய திகதியுடன் வெற்றிகரமாக நிறுவப்பட்டதாகக் குறிப்பு இருக்கின்றதா எனப் பாருங்கள். அதன் பின்னர், எடுத்துவிட்ட மீட்டேர்ட் குறிப்பை மீண்டும் ஒன் செய்யுங்கள். புதிய அப்டேட் ஏதேனும் பிரின்டரையோ வேறு பொருளையோ குழப்பினால், அதே பக்கத்தின் கீழுள்ள அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ் மூலம் அதை மட்டும் நீக்கிவிட்டு, ஓரிரு வாரத்துக்குப் போஸ் செய்து வைக்கலாம்.