நேபாளத்துக்கு ஊழியப் பயணமா? நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

எங்கள் சபையிலிருந்து இதுவரை மூன்று முறை நேபாளத்துக்குக் குழுவாகப் போயிருக்கிறோம். முதல் தடவை பன்னிரண்டு பேர், ஒன்பது நாள், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ரயில் நிலையத்தில் பேனர் பிடித்து ஒரு போட்டோ. திரும்பி வந்து சபையில் பயண அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னபோது நானே கண்கலங்கினேன். ஆறு மாதம் கழித்து அங்குள்ள பாஸ்டரிடம் போனில் பேசும்போதுதான் தெரிந்தது, நாங்கள் செய்துவிட்டு வந்த குளறுபடிகளை அந்த மனிதர் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறார், அதையும் நான் நோண்டி நோண்டிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

சின்னதில் ஆரம்பிக்கிறேன். இந்தியருக்கு நேபாளம் போக விசா வேண்டாம், அது சரி. ஆனால் விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கட்டாயம் வேண்டும். ஆதார் செல்லாது (15 வயதுக்குக் கீழே, 65க்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு). எங்கள் குழுவில் ஒரு தம்பி ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து டெல்லியிலேயே நின்றுவிட்டான். "சத்துரு, சாத்தான், தடுக்கிறான்" என்று ஒரு சிஸ்டர் அங்கேயே ஜெபிக்க ஆரம்பித்தார். சத்துரு ஒன்றும் செய்யவில்லை அம்மா, நாங்கள்தான் விதியைப் படிக்கவில்லை.

அடுத்தது கிழமை. நேபாளத்தில் சபைகள் கூடுவது சனிக்கிழமை, ஏனென்றால் அங்கே காலங்காலமாக வார விடுமுறை சனிதான், நாங்கள் போனபோது ஞாயிறு வேலை நாள். நாங்கள் சனி சாயங்காலம் போய் இறங்கி, மறுநாள் ஆராதனையில் எங்கள் மூத்த சகோதரர் பிரசங்கம் செய்வார் என்று நோட்டீஸே அடித்து வைத்திருந்தோம். பாஸ்டர் சங்கடப்பட்டு, வேலைக்குப் போகாமல் சிலரை நிறுத்தி, ஒரு கூட்டம் கூட்டித் தந்தார். அரை நாள் கூலி போனவர்கள் அதில் எத்தனை பேர் என்று அன்றைக்கு எங்களுக்குக் கேட்கவே தோன்றவில்லை. இந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கமும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 பூகம்பம் வந்தது சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னால். ஆராதனை நேரம். சபைக் கட்டடங்கள் இடிந்து உள்ளே இருந்த விசுவாசிகள் பலர் இறந்தார்கள். நீங்கள் போய் உட்காரும் சபையில் அப்படி ஒருவரை இழந்த குடும்பம் இருக்கலாம், அதனால் "தேவன் தம் பிள்ளைகளை எந்தச் சேதமும் இல்லாமல் காப்பார்" என்று மேடையில் முழங்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

சட்டத்தைப் பற்றித் தெரியாமல் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 2015ல் வந்த அரசியலமைப்பு ஒருவரை வேறு மதத்துக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி மதம் மாற்றினாலோ அதற்குத் தூண்டினாலோ ஐந்து வருடம் வரை சிறை, 50,000 நேபாள ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற்றுவார்கள். விசா இல்லாமல் உள்ளே போகிறோம் என்பதால் சட்டம் நம்மைத் தொடாது என்று நினைக்கிறவர்கள் நம்மில் நிறைய. பஸ் நிலையத்தில் கைப்பிரதி நீட்டுவது, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம் திருச்சியில் செய்கிற மாதிரி அங்கே செய்துவிடுகிறோம். நாம் ஒன்பதாம் நாள் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், விசாரணைக்குக் கூப்பிட்டால் போய் நிற்கப்போவது உள்ளூர் பாஸ்டர்.

எங்களுக்கு அது நடந்தது. ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்ததை ஒருவர் போட்டோ எடுத்து, முகமெல்லாம் பளிச்சென்று தெரிய, ஊர்ப்பெயரோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அது எந்தக் குழுவிலிருந்து எந்தக் குழுவுக்குப் போனதோ, மூன்றே வாரத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் கைக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்டரை நான்கு தடவை ஸ்டேஷனுக்கு அலையவிட்டார்கள். ஞானஸ்நானம் எடுத்த பெண்ணின் மாமனார் வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. போட்டோ வேண்டுமா, உங்கள் குழுவை மட்டும் எடுங்கள், அதையும் வீடு வந்து சேர்ந்த பிறகு போடுங்கள்.

எச்சரிக்கையைக் கேட்காமல் போவதற்குத் தென்கொரியச் சபைக் குழு ஒன்றின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தான் போன 23 பேரைத் தாலிபான்கள் காபூலிலிருந்து காந்தகார் போகும் வழியில் பஸ்ஸோடு கடத்தினார்கள், இரண்டு பேரைக் கொன்றார்கள், மீதிப் பேர் ஆகஸ்ட் கடைசியில்தான் முழுமையாக விடுதலை ஆனார்கள். அவர்களுடைய தைரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அரசு எச்சரித்தும் போனார்கள் என்று சொந்த நாட்டிலேயே அவர்கள் மேல் கடுமையான கோபம் எழுந்தது.

ஜெபத்துக்கு வருகிறேன். இதில்கூடத் தவறு செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நன்றாகவே முடியும். "ஜெப நடை" என்று சொல்லி எங்களில் ஐந்து பேர் காத்மாண்டுவில் பௌத்தர்களின் புனித இடமான ஸ்வயம்பு ஸ்தூபியைச் சுற்றி, வேதாகமத்தில் மதில் விழச் சுற்றி வந்த எரிகோ பட்டணத்தைச் சுற்றுகிற நினைப்பில், ஏழு தடவை நடந்தார்கள், நடுநடுவே தீய ஆவிகளுக்குக் கட்டளையிடுகிற ஜெபம் வேறு, சத்தமாக. தமிழில்தானே ஜெபிக்கிறோம், யாருக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு. கைகளை நீட்டிக் கண்ணை இறுக்கிக் கத்துகிறவரைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. மாலை வைத்துக் கும்பிட வந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. நம் வேளாங்கண்ணியிலோ பாளையங்கோட்டைக் கதீட்ரல் வாசலிலோ வெளியூர்க்காரர் பத்துப் பேர் வந்து இப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? பசுபதிநாத் பிரதான கோவிலுக்குள் இந்துக்கள் அல்லாதவரை விடமாட்டார்கள், அங்கேயும் எப்படியாவது உள்ளே போய் ஜெபித்த எண்ணெயைப் பூசிவிட்டு வர வேண்டும் என்று கிளம்பிய ஆளை நான்தான் ஹோட்டலில் பிடித்து வைத்தேன். அறையில் முழங்காலில் நின்று ஜெபித்தால் கேட்காத தேவனா?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அங்குள்ளவர்கள் ஜெபிக்கும்போது நாம் கவனிப்பதே இல்லை. செருப்பை வெளியே விட்டு, தரையில் உட்கார்ந்து, ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள், நம் ஊர்க் கிராமச் சபை மாதிரியே இருக்கும். நாங்கள் அந்த நேரத்தில் அடுத்து யார் பாடுவது, கிட்டார் யாரிடம் என்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். நேபாளத்துக்குள் 1951 வரை கிறிஸ்தவர்களுக்கு இடமே இல்லை. முழு நேபாளி வேதாகமம் 1914ல் வெளிவந்ததில் பெரும் பங்கு டார்ஜிலிங்கில் இருந்த நேபாளி போதகர் கங்கா பிரசாத் பிரதானுடையது. 2021 மக்கள்தொகைக் கணக்கில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். சிறைக்குப் போனவர்கள், ஊரை விட்டு விலக்கப்பட்டவர்கள், மலை மலையாக நடந்த நேபாளிகள், இவர்கள் வளர்த்த சபை அது. ஜெபம் கற்றுக்கொடுக்கிறோம் என்று அங்கே போய் நிற்க எங்களுக்கு எவ்வளவு துணிச்சல்!

பிரசங்கம் தமிழிலிருந்து ஆங்கிலம், அதிலிருந்து நேபாளி என்று இரண்டு வாய் மாறிப் போகும். நாற்பது நிமிடம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது பதின்மூன்று நிமிடம், எதுகை மோனை, சினிமா நகைச்சுவை எல்லாம் வழியிலேயே செத்துவிடும். கடைசியில் "இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றதும் அத்தனை பேரும் தூக்கினார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் 84 ஆத்துமாக்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதினோம். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே விசுவாசிகள், மீதிப் பேர் விருந்தாளி கேட்கிறாரே என்று மரியாதைக்குத் தூக்கியவர்கள். அந்த எண்ணைத் திருத்தி எழுத எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது, வெட்கம்தான் காரணம்.

மருத்துவ முகாம் நடத்தும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வருகிறது. வெளிநாட்டு டாக்டர் அங்கே வைத்தியம் பார்க்க நேபாள மருத்துவ கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும், இது பலருக்குத் தெரியாது. அதைவிட, ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்து ஏழு நாள் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால் எட்டாம் நாள் அந்த ஆள் என்ன செய்வார்? பக்கத்து சுகாதார நிலையத்தோடு பேசாமல் முகாம் போடாதீர்கள். பிள்ளைகள் இல்லத்துக்குப் போவதிலும் கவனம் தேவை. ஹும்லா போன்ற தூரத்து மலை மாவட்டங்களிலிருந்து படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, காத்மாண்டுவில் அநாதை என்று காட்டி வெளிநாட்டுக் காணிக்கை வாங்கிய இல்லங்கள் உண்டு. அப்பா அம்மா உயிரோடு இருக்கும் பிள்ளையை மடியில் உட்காரவைத்து "யாருமற்ற பிஞ்சு" என்று போட்டோ போட்டால் அந்த வியாபாரத்துக்கு நாமே விளம்பரம் செய்கிறோம்.

பணம். இந்திய ரூபாய் 100க்கு நேபாள ரூபாய் 160, இந்த விகிதம் 1993லிருந்து மாறவில்லை, அதனால் நம் கையில் இருப்பது பெரிய தொகை மாதிரி தோன்றும், தாராளமும் கூடவே வரும். எங்கள் ஆள் ஒருவர் கண்ணீரோடு பேசிய இரண்டு குடும்பத்துக்கு ரகசியமாக ஐயாயிரம் ஐயாயிரம் கொடுத்தார். ரகசியம் அன்று ராத்திரியே ஊருக்குத் தெரிந்தது. வாங்காதவர்கள் பாஸ்டரிடம் "எங்கள் பங்கை வைத்துக்கொண்டீரா" என்று கேட்டிருக்கிறார்கள். கொடுப்பதைச் சபை மூப்பர்கள் மூலம், கணக்கோடு கொடுங்கள்.

1910ல் எடின்பரோவில் நடந்த மிஷனெரி மாநாட்டில், நம் வெள்ளாளன்விளைக்காரர் வி. எஸ். அசரியா வெள்ளைக்கார மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே பேசினார். ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். 1903ல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் அவர் ஒருவர். அந்தப் பேச்சை நம் சபைகளில் பெருமையாகச் சொல்கிறோம், ஆனால் எல்லை தாண்டியதும் அசரியா யாரைப் பார்த்துப் பேசினாரோ அவர்களுடைய நாற்காலியில் நாமே போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

மூன்றாம் தடவை போவதற்கு முன்னால்தான் முதல் முறையாகப் பாஸ்டரிடம், "ஐயா, உங்களுக்கு எங்களிடம் என்ன வேண்டும்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, உங்களில் யாருக்காவது கணக்கு எழுதத் தெரியுமா, சபைக் கணக்கை ஒழுங்கு செய்ய வேண்டும் என்றார். அப்புறம், தன் மனைவிக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு சிஸ்டர் வந்தால் நல்லது, அவளிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை என்றார். பிரசங்கியார் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு ரிட்டயர்டு வங்கி அலுவலரும் அவர் மனைவியும் நானும் மட்டும் போனோம். மேடை ஏறவே இல்லை.

இந்த வருடமும் போகிறோம். அக்டோபரில் டிக்கெட் போடலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். தசாய்ன் பண்டிகை நேரம், ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, எனக்கும் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள், நவம்பரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சரி என்று நவம்பருக்குப் போட்டிருக்கிறோம்.