ஃபர்னஸா, ஹீட் பம்பா: அவசரத்தில் செய்யும் தவறுகள்

அமெரிக்க வீடுகளில் கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் கைவிடுவது பெரும்பாலும் கடுங்குளிர் நாளில்தான். அன்று மாலைக்குள் எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு, அடுத்த 15 ஆண்டுகள் அதற்கே பில் கட்டுவார்கள். பழைய யூனிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்ததும் ஃபர்னஸா, அல்லது வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்பா என்று கணக்குப் போட்டு வைத்துவிடுங்கள்.

கேஸ் ஃபர்னஸுக்கே தடை வந்துவிட்டது என்று நம்பி ஹீட் பம்புக்கு மாறுவது ஒரு தவறு. இப்போதுள்ள கூட்டரசு விதிப்படி, 2028 டிசம்பர் 18 முதல் தயாராகும் வீட்டு கேஸ் ஃபர்னஸ்களின் குறைந்தபட்சத் திறன் (எரியும் கேஸில் வீட்டுச் சூடாக மாறும் பங்கு) 80 சதவீதத்திலிருந்து 95 ஆக உயர்கிறது. அவ்வளவுதான். வீட்டில் இருப்பதைக் கழற்ற வேண்டியதில்லை, பழுதும் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி போன்ற சில இடங்களில் உள்ளூர் விதி இன்னும் கடுமை. அதைத் தனியாகப் பாருங்கள். ஹீட் பம்புக்குக் கிடைத்த 2,000 டாலர் வரைக்குமான கூட்டரசு வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. கோட்டேஷனில் இன்னும் அதைக் கழித்துக் காட்டினால், அந்தத் தொகையை அடித்துவிட்டு மொத்தத்தைப் பாருங்கள்.

எல்லோரும் கேட்க மறக்கும் விஷயம் புகைபோக்கி. 80 சதவீத ஃபர்னஸின் புகை சூடாக இருப்பதால் தானாகவே மேலே ஏறிவிடும். 95 சதவீத ஃபர்னஸ் புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் பிழிந்தெடுத்துவிடுவதால், ஆறிய புகை ஃபேன் தள்ள பிளாஸ்டிக் குழாய் வழியே போகும், தண்ணீரும் சொட்டும். இதுவரை அதே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்ட கேஸ் வாட்டர் ஹீட்டர் இப்போது தனியாகிவிடுகிறது. அதன் கொஞ்சப் புகைக்கு அந்தக் குழாய் மிகப் பெரிது. புகை பாதியிலேயே ஆறி, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பலாம். ஹீட் பம்புக்கு மாறினாலும் இதே ஆபத்து உண்டு. புகைபோக்கிக்குள் சிறிய லைனர் போடுவது கோட்டேஷனில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். உயிர் விஷயம் இது. சொட்டும் தண்ணீருக்கான குழாய் குளிர்ந்த கராஜ் வழியாகப் போனால் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஃபர்னஸும் நின்றுவிடும்.

அடுத்தது அளவு. பழைய யூனிட்டின் லேபிளைப் பார்த்து அதே அளவைப் போடுபவர் வேண்டாம். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடும் 'மேனுவல் ஜே' கேளுங்கள். நீங்களே ஒரு சோதனையும் செய்யலாம். ஊரின் கடுங்குளிர் இரவில், தெர்மோஸ்டாட்டை மாற்றாமல், ஒரு மணி நேரத்தில் ஃபர்னஸ் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறியுங்கள். மணிக்கு 80,000 பிடியு (வெப்பத்தின் அலகு) எரிக்கும் 80 சதவீத யூனிட் 30 நிமிடம் எரிந்தால், வீட்டின் தேவை மணிக்கு 32,000 பிடியுதான். இனி ஹீட் பம்ப் விற்பவரிடம், 17 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் 5 டிகிரியிலும் அது எத்தனை பிடியு தரும் என்று கேளுங்கள். 'மூன்று டன்' என்ற பெயர் (டன் என்பது குளிர்விக்கும் திறனின் அளவு) குளிர்காலத்தில் உதவாது. பற்றாக்குறையை மின்சாரத்தால் சூடாகும் ஹீட்டர் கம்பி நிரப்பும். 10 கிலோவாட் கம்பி 240 வோல்ட்டில் ஏறக்குறைய 42 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் 100 ஆம்பியர் மின் பேனல் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியன் முதலிலேயே பார்க்கட்டும்.

சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஃபர்னஸ் காற்று 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வரும், ஹீட் பம்பினுடையது சுமார் 90 முதல் 105. அதே சூட்டுக்கு அதிகக் காற்று, டன்னுக்கு ஏறத்தாழ 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), ஓட வேண்டும். ஒடுங்கிய டக்ட்டில் இரைச்சல்தான் மிஞ்சும்.

செலவை ஊர்ப்பேச்சில் முடிவு செய்யாதீர்கள். பில்லில் கேஸை அளக்கும் ஒரு தெர்ம், வெப்பத்தில் 29.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கேஸ் தெர்முக்கு 1.50 டாலர் என்றால், 95 சதவீத ஃபர்னஸில் ஒரு தெர்ம் சூட்டுக்கு 1.58 டாலர். மின்சாரம் யூனிட் 16 சென்ட் என்றால் 29.3 யூனிட்டுக்கு 4.69 டாலர். இதை 1.58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3. ஹீட் பம்ப் இழுக்கும் மின்சாரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சூடு தரும் குளிர்வரை அதுவே மலிவு. மின்சாரம் 30 சென்ட் ஆனால் 5.6 மடங்கு தேவை. குளிர்காலம் முழுக்க அதை எட்டுவது நடக்காது.

இரண்டையும் சேர்த்துப் போடும் டூயல் ஃபியூயல் அமைப்பில், எந்தக் குளிரில் கேஸுக்கு மாற வேண்டும் என்பதை இந்த மடங்கு எண்தான் சொல்லும். தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த மடங்கு எந்த டிகிரியில் வருகிறது என்று பார்த்து, தெர்மோஸ்டாட்டில் அதையே வைக்கச் சொல்லுங்கள். 40 டிகிரியிலேயே விட்டுவிட்டுப் போனால், காசு கொடுத்து வாங்கிய ஹீட் பம்ப் குளிர்காலத்தின் பெரும்பகுதி சும்மா நிற்கும்.