ஸ்கேன் சரி, ஆள் சரியில்லை

காட்பாடி, குடியாத்தம் தொடங்கிச் சித்தூர் எல்லை வரை, தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரராவது இருப்பார். எங்கள் தெருவில் என் பெரியப்பா, போர்முனையில் பக்கத்தில் ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்து பிழைத்தவர். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே புகைந்தது. பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவருக்கு வாடை தெரியவில்லை. பெரியம்மா திட்டித் தீர்த்தார். தலையில் அடிபட்டால் மோப்ப நரம்பிழைகள் அறுந்து வாசனை தெரியாமல் போகலாம் என்று அப்போது எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இப்படி மூளை காயப்பட்ட பட்டாளத்துக்காரரைப் பார்க்கும்போது செய்கிற பெரிய தவறு, ஸ்கேனோடு விட்டுவிடுவது. லேசான மூளைக்காயத்தில் (லேசானதாம்!) சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் அதில் தெரியும். இழுபட்ட நரம்பிழைகள் தெரியாது. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் "மயங்கினீர்களா?" என்று கேட்டால் பட்டாளத்துக்காரர் "இல்லை" என்பார். மயங்காமலும் மூளை காயப்படும். ஷெல் விழுவதற்கு முன் கடைசியாக எது நினைவிருக்கிறது, பிறகு முதலில் எது என்று கேளுங்கள். பெரியப்பா பதுங்குகுழியில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நினைவு, கையில் ஒரு டீக்குவளை. நடுவில் அரை நாளைக் காணவில்லை.

2020 ஜனவரியில் ஈராக்கில் அமெரிக்கப் படையினர் இருந்த அல் அசாத் தளத்தை ஈரான் ஏவுகணைகள் தாக்கின. முதலில் ஒருவருக்கும் காயமில்லை என்றது அமெரிக்கா. பின்னர் நூறு பேருக்கு மேல் மூளைக்காயம் உறுதியானது.

அடுத்த தவறு, எல்லாப் பழியையும் மிலிட்டரி கேன்டீன் மது பாட்டில் மேல் போடுவது. இல்லாவிட்டால் "போர் பார்த்தவர், மனசு கெட்டுவிட்டது" என்று முடித்துவிடுவது. தூக்கமின்மை, எரிச்சல், மறதி ஆகியவை மனக்காயத்திலும் வரும், மூளைக்காயத்திலும் வரும். அந்தச் சம்பவமே கனவில் திரும்பத் திரும்ப வந்தால் முன்னதைச் சந்தேகிக்கலாம். வெளிச்சம் பட்டால் தலைவலி, திரும்பினால் கிறுகிறுப்பு என்றால் பின்னதை. இரண்டும் ஒருவரிடமே இருப்பதும் உண்டு.

குடிப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், வயதானவர் இவர்கள் விழுந்து சில வாரம் கழித்துத் தலைவலி கூடினாலோ, நடை தடுமாறினாலோ, பகலிலும் தூங்கி வழிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மூளையைச் சுற்றி மெல்ல ரத்தம் தேங்கும். அங்கே உடனடி ஸ்கேன்தான் வழி.

ஆளைத் தனியாக அனுப்பாதீர்கள். டாக்டர் அறையில் பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி, "ஒன்றுமில்லை சார்" என்றார். பின்னால் நின்ற பெரியம்மா மளிகைச் சீட்டின் முதுகில் எழுதிவந்ததைப் படித்தார்: தீய்ந்த பால், இரண்டு முறை வாங்கிவந்த ஒரே உப்பு, மகள் கல்யாணத்தில் மேளச்சத்தம் தாங்காமல் மண்டபத்தைவிட்டு வெளியேறியது.