பட்டினியும் தைமஸும்: சுண்டெலியில் அளந்து பார்க்கும் முறை

வளர்சிதை நெருக்கடி நோய் எதிர்ப்பு மண்டலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதை முதன்முறையாக ஆராயப் புகுவோர், கொழுப்புத் தீனியில் மாதக்கணக்கில் வளர்க்கும் சோதனையைவிட 48 மணி நேரப் பட்டினிச் சோதனையில் தொடங்குவதே நல்லது. பட்டினியில், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைந்து, அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் ஏறுகிறது; அதனால் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ந்துகொண்டிருக்கும் டி அணுக்கள் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள், குறிப்பாக சிடி4, சிடி8 என்னும் மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் தாங்கியவை, பெருமளவில் மடிகின்றன. சுரப்பி சுருங்குவது கண்ணுக்கே தெரியும்.

நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி பெறும்போதே, எடை எவ்வளவு குறைந்தால் விலங்கைச் சோதனையிலிருந்து விலக்குவீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். சுண்டெலி சிறிய உடல் கொண்டது. ஓர் இரவுப் பட்டினியே அதற்குப் பெரிய இழப்பு. ஆகவே பட்டினிக் காலம் முழுவதும் அடிக்கடி எடை பாருங்கள். தண்ணீரை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

வயது ஏற ஏறத் தைமஸ் தானாகவே சுருங்குமாதலால், ஒரே வயதும் ஒரே பாலினமும் கொண்ட இளம் விலங்குகளையே பட்டினிக் குழு, வழக்கம்போல் தின்னும் ஒப்பீட்டுக் குழு ஆகிய இரு குழுக்களிலும் வையுங்கள். தீனியை எடுக்கும் வேளையிலேயே கூண்டையும் மாற்ற வேண்டும். நம் விலங்குக் கூடங்களில் உமியைப் பரப்பும் வழக்கம் உண்டு. அதில் கிடக்கும் நொய்யையும் உதிர்ந்த தீனித் துணுக்கையும் பொறுக்கித் தின்ற எலியைப் பட்டினி எலி என்று கணக்கில் எழுதுவது, பலரும் கவனிக்காத பிழை. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நேரத்தில் கூண்டை மாற்றுங்கள். இல்லையேல் இடமாற்றத்தின் அதிர்ச்சியையும் பசியின் விளைவையும் பிரித்தறிய முடியாது.

குளிரும் ஏமாற்றும். நாம் இதமாக உணரும் 22 டிகிரி செல்சியஸில் சுண்டெலி உடற்சூட்டைக் காக்கவே நிறைய ஆற்றலைச் செலவிடுகிறது. அதற்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி. கூட்டமாக இருக்கும் எலிகள் ஒட்டிப் படுத்துச் சூட்டைக் காத்துக்கொள்ளும்; எனவே பட்டினி எலியைத் தனியாகவும் மற்றதைக் கூட்டமாகவும் வைக்கக் கூடாது.

கார்டிகோஸ்டீரோனை அளக்க வேண்டுமெனில், கூண்டைத் தொட்ட இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் இரத்தம் எடுத்துவிடுங்கள்; தாமதித்தால் உங்கள் கை தந்த பயத்தையே அளப்பீர்கள். இந்த ஹார்மோன் நாளின் வேளைக்கேற்ப ஏறி இறங்குவதால், எல்லா விலங்குகளிடமும் ஒரே வேளையில் எடுப்பது அவசியம்.

மார்புக்கூட்டைத் திறந்ததும் இதயத்தின் மேல் வெண்ணிறமாகப் படிந்திருக்கும் இரு மடல்களே தைமஸ். பட்டினி எலியில் அது மெல்லிய சவ்வுபோல் ஆகிவிடுவதால், அருகிலுள்ள நிணநீர் முடிச்சையோ கொழுப்பையோ சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து அதிகம். உருப்பெருக்கியின் கீழ் அவற்றை நீக்கி, வடிதாளில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே எடை பாருங்கள். எடையோடு நிறுத்தாமல், சல்லடையில் தேய்த்து அணுக்களைப் பிரித்து எண்ணி, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் செலுத்தி வகைப்படுத்தும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி4, சிடி8 தாங்கிய அணுக்களின் பங்கையும் பாருங்கள்.

பட்டினியின்போது லெப்டின் ஊசி போட்ட மூன்றாவது குழு இருந்தால் முடிவு வலுப்பெறும். லெப்டின் இந்தச் சுருக்கத்தைத் தடுக்கும் என்பது சுண்டெலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. அப்போது மற்ற இரு குழுக்களுக்கும் அதே வேளைகளில் உப்புநீர் ஊசி போட மறவாதீர்கள்.